அரிசி மூட்டைக்குப் பக்கத்து சீட்

என் பெயர் அரிசி மூட்டைக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில் இருந்தது.

அன்று கடையில் உட்கார்ந்து, தோட்டத்து மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தேன். காயில் கம்பி கருகிய வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. போன் 'டிங்' என்றது. கையெல்லாம் கிரீஸ். பழைய பனியன் துணியில் துடைத்துவிட்டு, போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தேன்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற எங்கள் தெருக் குழுவின் வாட்ஸ்அப் செய்தி அது. யார் யார் நடக்கிறார்கள், என்னென்ன வண்டியில் வருகிறது என்று கார்த்தி பிரித்துப் போட்டிருந்தான். நடக்கிறவர்களில் முதல் பெயர் எப்போதும் என்னுடையதுதான். இந்த முறை மேலிருந்து கீழே தேடினேன், கீழிருந்து மேலே தேடினேன், காணோம். கடைசியில் 'வண்டி' என்பதற்குக் கீழே கிடைத்தது. அரிசி மூட்டை, சேகர் மாமா, கேஸ் அடுப்பு, பெரிய அண்டா.

சேகர் மாமா என்பது நான்தான்.

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சுற்று வட்டாரத்துத் தோட்டங்களில் எந்த மோட்டார் புகைந்தாலும் பெரும்பாலும் என் கடைக்குத்தான் வரும். கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். வயது அறுபதுக்குப் பக்கத்தில். எவ்வளவு பக்கத்தில் என்பது எனக்கும் என் மனைவி பாக்கியத்துக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

கார்த்தி எதிர்வீட்டுப் பையன். ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கையைப் பிடித்துக்கொண்டு நடந்த வயதில் அவனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றி விட்டவன் நான். அவன் என்னை வேனில் ஏற்றுகிறான்!

அன்று சாயங்காலம் பைக்கில் தெருவுக்குள் நுழைந்தவனைக் கடை வாசலிலேயே மறித்தேன்.

"ஏலே, இங்க வாடா. நான் என்ன அண்டாவா?"

"இல்ல மாமா. போன வருசம் ஒட்டன்சத்திரத்துல நீங்க பட்ட பாட்ட நாங்க பாத்தோம்ல. அத்தையும் சொன்னாங்க."

"அத்தை என்ன சொன்னா?"

"முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சுத் தேய்ச்சு அவங்களுக்குக் கை வலி வந்துருச்சாம்."

வீட்டுக்குள்ளேயே ஒற்றர் வேலை. அன்று இரவு நான் பாக்கியத்தோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

"நான் நடந்துதான் வாரேன். அம்புட்டுதான்," என்றேன் கார்த்தியிடம்.

அவன் தலையைச் சொறிந்தான். "சரி மாமா. எம்புட்டு தூரம் முடியுதோ நடங்க. வண்டி முன்னால போய் அங்கங்க நிக்கும். முடியலேன்னா ஏறிக்கங்க, ஓகேவா?"

ஓகே என்று சொன்னேன். மனசுக்குள் சொன்னது வேறு. இருபது வயதில் ஆரம்பித்து ஒரு வருடம்கூட விடாமல் நடந்து போய்ச் சேர்ந்தவன் நான். இந்த வருடம் வண்டியில் போய் இறங்கினால், அடுத்த வருடமும் வண்டிதான். அதற்கடுத்த வருடம், 'வீட்டிலிருந்தே கும்பிடுங்க மாமா, நாங்க பிரசாதம் கொண்டு வாரோம்' என்பார்கள். அப்புறம் அந்தக் குழுவில் எனக்கு என்ன இருக்கிறது? எப்படியாவது இந்த முறையும் பழனி மண்ணைக் காலால் நடந்துபோய்த் தொட்டுவிட வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

வண்டி வந்த கதை

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வண்டியைக் கொண்டுவந்ததே நான்தான்.

ஆரம்பத்தில் எங்களுக்கு வண்டியெல்லாம் கிடையாது. தோளில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஒரு துண்டு, ஒரு மாற்று வேட்டி. வழியில் யார் சோறு போடுகிறார்களோ அங்கே உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒரு வருடம் ஒரே இடத்துத் தக்காளி சாதம் எல்லோருடைய வயிற்றையும் கலக்கிவிட்டது. பக்தி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம் என்று ரோட்டோரப் புதர்களைத் தேடிக்கொண்டே பழனி போய்ச் சேர்ந்தோம். திரும்பி வந்ததும், "இனிமே நாமளே சமைக்கிறோம். சாமானுக்கு ஒரு வண்டி வேணும்" என்று சொன்னவன் நான்.

வண்டி ஆரோக்கியத்துடையது. ஆரோக்கியம் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். மற்ற நாட்களில் நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றிக்கொண்டு ஓடுவான். என்னதான் கழுவினாலும் அந்த வண்டியை விட்டு மல்லிகை வாசம் போகாது. அரிசி மூட்டையிலும் அந்த வாசம் ஏறி, நாங்கள் சாப்பிடுகிற சோறு கொஞ்சம் கல்யாணப்பெண் மாதிரி மணக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டான்; தைப்பூசத்துக்கு வண்டி ஓட்டாமலும் இருக்க மாட்டான். மலை மட்டும் ஏறுவதில்லை. அடிவாரத்தில் வண்டிக்குக் காவலாகப் படுத்துக்கொள்வான்.

அந்தக் காலத்தில் வண்டியின் முன் சீட்டில் ஒரு பெரியப்பா உட்கார்ந்து வருவார். வெற்றிலையை மென்றுகொண்டு, நாங்கள் நடந்து வருவதைப் பார்த்துக் கை காட்டுவார். அவர் அந்த சீட்டிலேயே பிறந்தவர் என்றுதான் நினைத்திருந்தேன். அவரும் ஒரு காலத்தில் எங்களுக்கு முன்னால் நடந்து போயிருப்பார் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

வயசாவது நமக்கு எங்கே தெரிகிறது? மற்றவர்கள்தான் வந்து சொல்கிறார்கள். நாகல்நகரில் டவுன் பஸ் ஏறினேன். கல்லூரிப் பெண் ஒருத்தி சட்டென்று எழுந்து, "உக்காருங்க" என்றாள். பின்னால் யாரோ கர்ப்பிணி வருகிறாள் என்று நினைத்து நான் ஒதுங்கி வழிவிட்டேன். பின்னால் யாரும் இல்லை. செல்போன் கடையில் ஒரு சந்தேகம் கேட்டேன். கடைப் பையன் என் போனை வாங்கிக்கூடப் பார்க்காமல், "வீட்டுல பசங்க இருந்தா கூட்டிட்டு வாங்க சார், சொல்லித் தாரேன்" என்றான். மூன்று பேஸ் மோட்டாருக்குக் கண்ணை மூடிக்கொண்டு காயில் கட்டுகிறவன் நான். வந்த வேகத்தில் வீட்டுக்குத் திரும்பி, அந்தக் கோபத்தையும் பாக்கியத்திடம்தான் காட்டினேன்.

புளியமரத்தடியில்

கிளம்புகிற காலையில் பனி நன்றாக இறங்கியிருந்தது. பச்சை வேட்டி, வெறுங்கால். தார் ரோடு ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. வண்டிகள் இடிக்காமல் இருக்க மினுமினுக்கும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தான் கார்த்தி. மற்றவர்களுக்கெல்லாம் பையில் ஒட்டினான். எனக்கு முதுகிலேயே ஒட்டினான்.

என் வயதுக்காரர்கள் யாரும் இப்போது வருவதில்லை. ஒருவன் திருப்பூரில் பேரனைப் பார்த்துக்கொள்கிறான். ஒருவனுக்குச் சர்க்கரை. ஒருவன் போய்ச் சேர்ந்துவிட்டான். இருக்கிற அத்தனை பேரும் கார்த்தி வயசுப் பையன்கள்.

அவர்கள் நல்ல பிள்ளைகள்தான். மரியாதைக்குக் குறைவில்லை. நான் பக்கத்தில் போனால் பேச்சை நிறுத்திவிட்டு, "என்ன மாமா, தண்ணி வேணுமா?" என்று கேட்பார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தண்ணீர் வேண்டாம். நிறுத்தின பேச்சு என்னவென்று தெரிய வேண்டும்.

ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு பெரிய புளியமரம். அதன் நிழலில் நின்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இந்த எடத்துலதான்டா, ஒரு வருசம் வேட்டிய அவுத்துக் காயப் போட்டுட்டுத் தூங்குறேன். எந்திரிச்சுப் பாத்தா..."

"பச்ச வேட்டிய தழைன்னு நெனச்சு ஆடு பாதி தின்னுருச்சு," என்றான் ஒருவன்.

"மிச்சத்த இடுப்புல சுத்திக்கிட்டு பழனி வரைக்கும் போனீங்க," என்றான் இன்னொருவன்.

"போன வருசமும் இதே மரம்தான் மாமா," என்று முடித்தான் கார்த்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மறுபடி நடக்க ஆரம்பித்தபோது என் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். அவர்கள் முன்னால் போனார்கள். ஸ்பீக்கரில் சாமி பாட்டுக்கே குத்து மேளம் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே அவர்கள் சிரிக்கிற சத்தம் காற்றில் வரும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. முட்டிவலியைவிட அது எனக்கு வலித்தது. ஒரே ரோடு, ஒரே சாமி, ஒரே சோறு. அப்படியும் நான் வேறு ஏதோ ஊருக்குப் போகிறவன் மாதிரி இருந்தது.

ஒருத்தன் மட்டும் பின்தங்கி என்னோடு நடந்தான். சந்தோஷ். கார்த்தியின் கூட்டாளி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஒல்லியாக, உட்கார்ந்தே வளர்ந்தவன் மாதிரி இருப்பான். அதுதான் அவனுக்கு முதல் நடை. எத்தனை அடி நடந்திருக்கிறான் என்று போன் கணக்குச் சொல்லுமாம். செத்த நேரத்துக்கு ஒருதரம் அதை எடுத்து எனக்குக் காட்டினான்.

"ஃபுல்லா நடந்தே போயிரணும் மாமா. வண்டியில மட்டும் ஏறக்கூடாது. ஆபீஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"போயிரலாம்டா. நான் இருக்கேன்ல," என்றேன்.

சொல்லும்போதே முட்டிக்குள் ஏதோ 'கடக்' என்றது.

காதுகுத்து பேனர்கள்

அன்று ராத்திரி ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கினோம். காலையில் எழுந்து வெளியே வந்தால் பையன்கள் யாரையும் காணோம். எல்லோரும் எதிர் டீக்கடையில் தலையோடு தலை சேர்த்து நின்றுகொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. "மாமா, டீ சொல்லவா?" என்றான் கார்த்தி. எனக்கு எரிச்சல் வந்தது. டீயைக் குடித்துவிட்டு முதல் ஆளாக நடக்க ஆரம்பித்தேன்.

அந்த எரிச்சல் கொஞ்ச தூரத்துக்குத்தான் தாங்கியது. பிறகு முட்டி தன் வேலையைக் காட்டியது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஊசி. நின்றால் பையன்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒரு தந்திரம் செய்தேன்.

எங்கள் பக்கம் வந்திருப்பவர்களுக்குத் தெரியும், ரோட்டோரம் பேனர் இல்லாத இடம் கிடையாது. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி. ஒவ்வொன்றிலும் ஒரு தெருவே கைகூப்பி நிற்கும். நான் ஒவ்வொரு பேனர் முன்னாலும் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாய்மாமன் பெயரிலிருந்து அச்சடித்த பிரஸ் பெயர் வரைக்கும் படித்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டி யார் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காது குத்தினார்கள் என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வேன்.

"என்ன மாமா, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டான் கார்த்தி.

"தூரத்துச் சொந்தம்," என்றேன்.

அடுத்த பேனரிலும் நின்றேன். அதுவும் தூரத்துச் சொந்தம். ஒரு அரசியல் பிரமுகரின் பிறந்தநாள் பேனரில் நான் நின்றபோது அவன் ஒன்றும் கேட்கவில்லை.

ஓரிடத்தில் சாமியானா போட்டு நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போனாலே பேச்சில் கொங்கு வாடை வந்துவிடும். மோர் ஊற்றிய அம்மா, "ஏனுங்க பெரியவரே, உக்காந்து குடியுங்க. இந்தச் சேரைப் போட்டுக்கங்க" என்றார். யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அந்தம்மாவுக்கே என் வயதுக்குக் குறையாது. உட்காராமல் நின்றுகொண்டே குடித்தேன். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர். அந்த ருசியைக்கூட அனுபவிக்க விடவில்லை அந்தப் 'பெரியவர்'.

முடியலப்பா

சத்திரப்பட்டி தாண்டியதும் முன்னால் போனவர்கள் "அரோகரா" என்று கத்தினார்கள். தூரத்தில் மங்கலாக மலை தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் எப்போதும் எனக்கு மயிர் கூச்செறியும். அன்றைக்கும் கண் கலங்கியது. இன்னும் கொஞ்சம்தான், தவழ்ந்தாவது போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சந்தோஷைப் பார்த்தேன். ஒரு பாலத்துக் கட்டைச் சுவரில் தனியாக உட்கார்ந்திருந்தான். வலது காலில் கர்ச்சீப்பைச் சுற்றியிருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"கொப்புளம் மாமா. ஒடஞ்சிருச்சு. கால ஊன முடியல."

"காட்டு பாப்போம்."

"தொடாதீங்க மாமா, எரியுது," என்று காலை இழுத்துக்கொண்டான்.

சற்றுத் தள்ளி, வேப்பமரத்தடியில் ஆரோக்கியத்தின் வண்டி நின்றது.

"வண்டியில ஏறிக்கடா. இந்தக் காலோட எப்படி நடப்ப?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மாட்டேன் மாமா. நான் மட்டும் ஏறுனா பயலுக ஒரு வருசத்துக்கு வச்சு ஓட்டுவாய்ங்க. ஆபீஸ்ல வேற சொல்லிட்டேன். நீங்களே நடக்குறீங்க. உங்க முன்னாடி நான் எப்படி ஏறுவேன்?"

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. நான் நடக்கிற வரைக்கும் இவன் ஏற மாட்டான். புண்ணான காலோடு என் பின்னாலேயே வந்து, நாளைக்கு ஆஸ்பத்திரியில் கிடப்பான்.

மலையைப் பார்த்தேன். வண்டியைப் பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, மலை தெரிகிற இடத்திலா? ஆனால் அவன் கால் கண்ணெதிரே இருந்தது. இத்தனை வருடம் வண்டியில் ஏறாதவன் என்ற பெருமையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் காலைக் கெடுப்பதா?

"ஏலே கார்த்தி!" என்று கத்தினேன்.

கூப்பிடுவதற்காகவே காத்திருந்தவன் மாதிரி ஓடி வந்தான்.

"முடியலப்பா. முட்டி போச்சு. என்னைய வண்டியில ஏத்தி விட்டுரு. தனியா அனுப்பாத, வயசான மனுசன், வழியில ஏதாச்சும் ஆயிரப் போகுது. சந்தோஷ துணைக்கு அனுப்பு."

வயசான மனுசன் என்று என்னைப் பற்றி என் வாயாலேயே நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லுகிற வரைக்கும்தான் கஷ்டம். சொன்ன பிறகு, மூச்சை இழுத்துப் பிடித்திருந்தவன் விட்ட மாதிரி இருந்தது.

"சரி மாமா," என்றான் கார்த்தி. என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

வண்டிக் கதவைத் திறந்துவிட்டான் ஆரோக்கியம். "ஏறு மாப்ளே. அரிசி தீந்துபோச்சு, எடம் தாராளமா இருக்கு."

ஏறி உட்கார்ந்தேன். மல்லிகை வாசம். குஷன் சீட். காலை நீட்டினேன். உள்ளதைச் சொல்கிறேன், சொர்க்கம் இப்படித்தான் இருக்கும் என்றால் நான் எப்போது வேண்டுமானாலும் தயார். தியாகம் செய்தவனுக்கு இவ்வளவு சுகம் கிடைக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் திண்டுக்கல் எல்லையிலேயே செய்திருப்பேன். வண்டி கிளம்பியது எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டேன்.

கொய்யாப்பழ வாசம்தான் எழுப்பியது. ஆயக்குடி. ரோட்டின் இரண்டு பக்கமும் கூடை கூடையாகக் கொய்யா. ஆரோக்கியம் வண்டியை நிறுத்தி வாங்கிக்கொண்டு வந்தான். பல் இருக்கிற நிலைமைக்குத் தகுந்த மாதிரி நன்றாகப் பழுத்ததாக ஒன்றை நான் எடுத்துக்கொண்டு, நல்ல செங்காயாகப் பார்த்து சந்தோஷிடம் கொடுத்தேன்.

அவன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ரோட்டோரம் பச்சையும் காவியுமாக ஜனங்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். காவடி ஒன்று ஆடிக்கொண்டே போனது. அவன் முகம் வாடியிருந்தது.

"சாப்பிடு அப்பு. வலி மறந்துரும்," என்றேன்.

பாதி கடித்துவிட்டுக் கையிலேயே வைத்திருந்தான். பாவம், வலி தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பொழுது சாயும்போது மற்ற பையன்கள் அடிவாரத்துக்கு நடந்து வந்து சேர்ந்தார்கள். தூசியும் வியர்வையும் கூச்சலுமாக ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதில் நான் இல்லை. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. பரவாயில்லை, ஒரு பிள்ளையைக் கரை சேர்த்திருக்கிறோம் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். ராத்திரி பாக்கியத்துக்குப் போன் போட்டு அந்தப் பெருமையைக் கொஞ்சம் நீட்டியே சொன்னேன். அவள் "ம்ம்" என்று கேட்டுக்கொண்டாள்.

காலை வெயிலில்

மறுநாள் காலை. குளித்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து சந்தோஷ் கால் கழுவிக்கொண்டிருந்தான். கர்ச்சீப் இல்லை. காலைத் தூக்கி மறு கால் மேல் போட்டுக்கொண்டு துடைத்தான். உள்ளங்கால் முழுசாகத் தெரிந்தது.

தார் ரோட்டின் கறுப்பும் தோல் தேய்ந்த சிவப்பும் இருந்தன. கொப்புளம் இல்லை. உடைந்த தடம்கூட இல்லை. துடைத்து முடித்ததும் எழுந்து, டீக்கடையைப் பார்த்து ஓடினான். நடக்கவில்லை, ஓடினான்.

ஆரோக்கியம் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அவன் பக்கம் திரும்பினேன். அவன் துணியைக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேடுகிற மாதிரி குனிந்தான்.

"ஆரோக்கியம்."

"என்ன மாப்ளே?"

"நிமிந்து பாத்துச் சொல்லு."

நிமிர்ந்தான். பொய் சொல்லத் தெரியாத முகம் அவனுக்கு. பள்ளிக்கூடத்தில் அவனால் நான் வாங்கிய அடிகள் அதனால்தான்.

"நேத்து காலையில ஒட்டன்சத்திரத்து டீக்கடையில பேசுனாய்ங்க மாப்ளே. நீ படுற பாட்ட பாக்க முடியல. ஏறுங்கன்னு சொன்னா நீ ஏற மாட்ட. கார்த்திதான் சொன்னான், 'நம்மள்ள ஒருத்தன் முடியலன்னு உக்காந்தா, மாமா தனக்கு முடியலன்னு சொல்லி அவன ஏத்தி விட்ருவாரு, பாருங்க'ன்னு. யாரு உக்கார்றதுன்னு சீட்டுக் குலுக்குனாய்ங்க. சந்தோஷ் பேரு வந்துச்சு."

நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"பயலுக்குக் கண்ணு கலங்கிருச்சு. மொத நடைல்ல? வேற ஒருத்தன் நான் உக்கார்றேன்னு கூடச் சொன்னான். வேணாம், எனக்குத்தான வந்துருக்குன்னுட்டான்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னை வைத்து நாடகம் ஆடியிருக்கிறார்கள்! போய் ஒவ்வொருத்தன் காதையும் திருகலாம் என்று இரண்டடி வைத்தேன். டீக்கடை வாசலில் கூட்டமாக நின்று ஏதோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். சந்தோஷும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்படியே நின்றுவிட்டேன். அழுகை வந்துவிட்டது. துவட்டுகிற சாக்கில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். ரொம்ப நேரம் துவட்டினேன். தலையில் அவ்வளவு முடி கிடையாது.

ரெண்டு நாளாக அவர்கள் பேச்சு எனக்குப் புரியவில்லையே, தூரமாகப் போய்விட்டார்களே என்று புழுங்கிக்கொண்டு வந்தேன். நான் போனதும் அவர்கள் நிறுத்தின பேச்சு என்னைப் பற்றியதுதான். நான் என்ன செய்வேன், எதற்கு இளகுவேன் என்று அந்தப் பயல்களுக்கு அட்சரம் பிசகாமல் தெரிந்திருக்கிறது. அவர்களைப் பற்றி எனக்குத்தான் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறது. வயசாகிவிட்டது என்பதை அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஒத்துக்கொண்டேன். இவ்வளவு சந்தோஷமாக அதை ஒத்துக்கொள்வேன் என்று நினைத்ததே இல்லை.

எனக்கு விஷயம் தெரியும் என்று இன்றுவரை அவர்களிடம் காட்டிக்கொள்ளவில்லை. இங்கே எழுதுகிறீர்களே என்று கேட்காதீர்கள். அந்தப் பயல்களில் ஒருத்தனும் இந்தத் தொடரைப் படிக்கிறதில்லை.

மலை ஏறக் கிளம்பினோம். விஞ்ச் ரயிலுக்கான வரிசை அனுமார் வால் மாதிரி நீண்டிருந்ததால், சரிவாக ஏறுகிற யானைப் பாதையிலேயே மெதுவாகப் போவது என்று முடிவானது. மற்றவர்கள் முன்னால் போனார்கள். சந்தோஷ் இரண்டு மூன்று தாவலில் எங்கேயோ போய்விட்டு, திடீரென்று ஞாபகம் வந்தவன் மாதிரி நின்று, திரும்பிப் பார்த்தான். பிறகு நொண்ட ஆரம்பித்தான். நேற்று வலது கால். இன்றைக்கு இடது கால்.

நான் அந்தக் காலைப் பார்க்காத மாதிரி ஏறினேன்.

பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. நிற்கலாமா என்று யோசிப்பதற்குள் அவன் பாதையோரத்தில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"கால் வலிக்குது மாமா. செத்த உக்காந்துட்டுப் போவோமா?"

"வலிக்கத்தான் செய்யும் அப்பு. நேத்தெல்லாம் என்னா கஷ்டப்பட்ட," என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

காற்று நன்றாக வீசியது. கீழே ஊரும் வயலும் தென்னந்தோப்புமாக விரிந்து கிடந்தது. போனை எடுத்து எதையோ பார்த்துச் சிரித்தவன், நான் கேட்காமலேயே என் பக்கம் திருப்பிக் காட்டினான். ஒரு பூனை ஏதோ சேட்டை செய்துகொண்டிருந்தது. அதில் என்ன சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவன் சிரித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

என் மூச்சு சீரானதும் அவன் எழுந்து நின்றான். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"இனிமே ரொம்ப ஏத்தமா இருக்கு மாமா. எனக்குப் பயமா இருக்கு, என் கையப் பிடிச்சுக்கங்க," என்று கையை நீட்டினான்.

நீட்டின கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாம வாடா" என்று சொல்லிவிட்டு நான் எழுந்தேன்.